கென்னன் பார்த்த இரண்டு சைபீரியாக்கள்: பயண எழுத்தாளர் செய்தியாளரான நிகழ்வு

1882-இல் நியூயார்க்கில், அமெரிக்கப் புவியியல் சங்கத்தின் மேடையில், ஜார்ஜ் கென்னன் சைபீரியாவைப் பற்றி உரையாற்றினார். ரஷ்யப் பேரரசு குற்றவாளிகளையும் அரசியல் எதிரிகளையும் அங்கே நாடுகடத்தி வைத்திருந்ததைப் பற்றி மேற்கு நாடுகளில் பேசப்பட்ட கொடுமைகள் பெரும்பாலும் மிகை என்பது அவர் வாதம். அவர் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. சைபீரியாவில் நாய்வண்டியிலும் கலைமான் வண்டியிலும் ஆயிரக்கணக்கான மைல் போய்வந்தவர், ரஷ்ய மொழி பேசுபவர், அந்த நிலத்தைப் பற்றிப் பலரும் ரசித்துப் படித்த ஒரு பயண நூலின் ஆசிரியர். இவருக்குத் தெரியாததா?

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1891-இல், அதே கென்னன் சைபீரியாவைப் பற்றியே இரண்டு தொகுதிகள் கொண்ட இன்னொரு நூலை வெளியிட்டார். நாடுகடத்தல் முறையை அடி முதல் நுனி வரை பிரித்துப் போட்ட நூல் அது. சார் மன்னரின் ரஷ்யாவில் அதற்குத் தடை விழுந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். பயணக்கட்டுரைகள் எழுதிப் பெயர் பெற்றவர்கள் ஒரு கட்டத்தில் அந்த நிலத்தின் அரசியலை, சட்டத்தை, சிறைகளை எழுத ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசை நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அதற்கு என்ன தேவைப்படுகிறது என்பதைக் கென்னனின் வாழ்க்கையைப் போல வேறெதுவும் இவ்வளவு தெளிவாகக் காட்டவில்லை. இடம் அதே சைபீரியா, மொழி அதே ரஷ்யன், ஆளும் அவரேதான். அவர் வேலை செய்த முறை மட்டும் மாறியது. அந்த முறை கைவிட்டுப் போனபோது என்ன ஆனது என்பதையும் அவர் வாழ்க்கையே காட்டிவிட்டது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

(பனிப்போர்க் காலத்து அமெரிக்க ராஜதந்திரி ஜார்ஜ் எஃப். கென்னன் வேறு. அவர் இவருடைய உறவினர், தலைமுறையில் இளையவர்.)

தந்திக் கம்பியோடு போனவர்

கென்னன் 1845-இல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1865-இல் வெஸ்டர்ன் யூனியன் நிறுவனம் பெரிங் நீரிணையையும் சைபீரியாவையும் கடந்து ஐரோப்பாவுக்குத் தந்திக் கம்பி கொண்டுபோகத் திட்டம் போட்டது. அந்தக் குழுவில் ஒருவராக, இருபதே வயதில், கம்சாட்காவில் போய் இறங்கினார். இரண்டு குளிர்காலங்கள் கோர்யாக், சுக்ச்சி மக்களின் நிலங்களில் வழி அளந்து திரிந்தார்கள். 1866-இல் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வேலை செய்யத் தொடங்கிவிட்டதால் இந்தத் திட்டத்துக்குத் தேவையே இல்லாமல் போனது. 1867-இல் எல்லாவற்றையும் கைவிட்டார்கள். கென்னன் யாகூத்ஸ்க், இர்கூத்ஸ்க் வழியாகப் பனியில் வண்டியோட்டி செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய், அங்கிருந்து ஊர் திரும்பினார். 1870-இல் அவருடைய பயண நூல் வெளிவந்தது.

நல்ல நூல்தான். குளிர், பசி, கூடாரத்தில் புகை, அறிமுகமில்லாத மனிதர்களின் விருந்தோம்பல் எல்லாம் கண்முன்னே வரும். பயண எழுத்து வாசகனிடம் சொல்வது இவ்வளவுதான்: எனக்கு இது நேர்ந்தது, நான் இதைப் பார்த்தேன். அதற்கு மேல் ஆதாரம் யாரும் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது.

1882 உரையில் நடந்தது வேறு. 'நான் அங்கே போயிருக்கிறேன்' என்ற தகுதியை வைத்துக்கொண்டு 'அங்கே அரசு இப்படித்தான் நடந்துகொள்கிறது' என்று தீர்ப்புச் சொன்னார். தந்திக் குழு வேலை பார்த்த வடகிழக்குக் கரையில் கைதிகளைப் பிரித்தனுப்பும் பெரிய சிறைகள் இல்லை. ஊர் திரும்பும் வழியில் கைதிகள் நடக்கும் நெடுஞ்சாலையில் அவரும் வந்தார் என்பது உண்மை. ஆனால் அவர் வந்தது வீடு போய்ச் சேரும் அவசரத்தில் இருந்த பயணியாக. ஒரு நிலத்தை அறிவது ஒன்று, அந்த நிலத்தில் இயங்கும் ஒரு நிர்வாகத்தை அறிவது இன்னொன்று. பயண எழுத்திலிருந்து வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உரைக்கு எதிர்ப்பு வந்தது. நாடுகடத்தல் முறையை நீங்கள் நேரில் ஆராய்ந்ததே இல்லையே என்று விமர்சகர்கள் கேட்டார்கள். கென்னனின் பெருமை இங்கிருந்து தொடங்குகிறது. நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார்.

நடுவில் இருந்த வேலை

அவரைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப்போகும் ஒரு கட்டம் உண்டு. 1870-களின் இறுதியிலிருந்து அவர் வாஷிங்டனில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தில் வேலை பார்த்தார். உச்ச நீதிமன்றச் செய்திகள் அவர் கையில் இருந்தன. எந்த வார்த்தையை யார் சொன்னார்கள், எந்த ஆவணத்தில் இருக்கிறது, நாளை யாராவது மறுத்தால் எதைக் காட்டுவது என்று தினமும் யோசிக்க வேண்டிய வேலை அது. சைபீரிய நூலில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும் அந்த ஒழுங்கு பனிப்பாலையில் கற்றது அல்ல, இந்த மேசையில் கற்றது என்பது என் கணிப்பு.

1884-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கும் மாஸ்கோவும் போய், இந்த விஷயத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து முன்தயாரிப்பு செய்தார். செலவை ஏற்றது 'செஞ்சுரி' மாத இதழ். 1885 மே மாதம் கிளம்பினார். கூடவே ஜார்ஜ் ஃப்ராஸ்ட் என்ற ஓவியர். ஃப்ராஸ்டும் பழைய தந்திக் குழுவில் இருந்தவர், புகைப்படமும் எடுக்கத் தெரிந்தவர்.

அனுமதி எளிதாகவே கிடைத்தது. நாடுகடத்தல் முறைக்காகப் பேசியவர் என்று ரஷ்ய அதிகாரிகளுக்கு அவரைத் தெரியும். சிறைகளைப் பார்க்க உதவும் கடிதத்தை உள்துறை அமைச்சகம் கொடுத்தது. விமர்சகர் ஒருவர் கேட்டிருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. அவர் ஏமாற்றி வாங்கவில்லை. அப்போது உண்மையாகவே அரசின் பக்கம்தான் இருந்தார். ஆனால் வழியில் மனம் மாறிய பிறகும் அதே கடிதத்தைக் காட்டித்தான் அடுத்தடுத்த சிறைகளுக்குள் போனார். இது எனக்கு உறுத்தலாக இல்லை. ஓர் அரசு தன் சிறையைக் காட்ட அனுமதிப்பது பாராட்டுக்கு முன்பணம் கொடுப்பதாகாது. ஆனால் இந்த நிலை தனக்கு வரும் என்று கிளம்பும் முன்பே எழுத்தாளர் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

தியூமெனின் கரும்பலகை

எகாதெரின்பர்க்கைத் தாண்டி, பெர்ம், தொபோல்ஸ்க் மாகாணங்களின் எல்லையில் செங்கல்லால் கட்டிய ஒரு தூண் நின்றது. ஒரு பக்கம் பெர்மின் சின்னம், மறுபக்கம் தொபோல்ஸ்கின் சின்னம். நடந்துவரும் கைதிகளை அங்கே சற்று நேரம் நிற்க விடுவார்கள். சிலர் மண்டியிட்டு ஐரோப்பிய ரஷ்யாவின் பக்கத்து மண்ணில் முகம் புதைத்து அழுவார்கள், சிலர் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்வார்கள் என்று கென்னன் எழுதினார். இதை எழுதியது பயண எழுத்தாளரின் கை. புள்ளிவிவரம் வருவதற்கு முன்பே வாசகன் அந்த எல்லையைக் கடந்துவிடுகிறான்.

அடுத்து தியூமென். சைபீரியாவுக்குள் போகும் கைதிகள் வந்து சேர்ந்து பிரிக்கப்படும் சிறை அங்கே இருந்தது. 1885 ஜூன் மாதம் கென்னன் அதற்குள் போனார். முதலில் 550 பேருக்காகக் கட்டிய சிறை. பிறகு கொட்டகைகள் சேர்த்து 850 பேர் தங்கலாம் என்று ஆக்கியிருந்தார்கள். அலுவலகக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய சிறிய கரும்பலகையில் அன்றைய கணக்கு எழுதியிருந்தது: 1,741.

அந்தக் கரும்பலகையைப் படித்து எழுதிக்கொண்டதுதான் அவர் மாறிய தருணம் என்று எனக்குப் படுகிறது. பயண எழுத்தாளர் அங்கே நாற்றத்தையும் இருட்டையும் முகங்களையும் எழுதியிருப்பார். கென்னனும் அவற்றை எழுதினார், சிறப்பாகவே எழுதினார். கூடவே அறையின் நீளம், அகலம், உயரம், முந்தைய இரவு அங்கே படுத்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதினார். நாற்றத்தை அரசு மறுக்கலாம், மூக்குக்கு மூக்கு மாறும் என்று சொல்லலாம். அரசே எழுதி மாட்டிய பலகையை எப்படி மறுப்பது? வார்டன் சொன்ன இட அளவும் பலகையின் எண்ணும் ஒரே பத்தியில் நின்றபோது, எழுதியவர் கருத்துச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

இன்னொன்றையும் அவர் சீக்கிரமே புரிந்துகொண்டார். சைபீரியாவில் வேலை பார்த்த அதிகாரிகளிலேயே பலருக்கு இந்த முறையின் மேல் கடும் அதிருப்தி. பணம் கேட்டு, புதிய கட்டடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதி எழுதிச் சலித்தவர்கள் அவர்கள். கிழக்கு சைபீரியாவின் தலைமை ஆளுநர் அனூச்சின் சார் மன்னருக்கே அனுப்பிய ரகசிய அறிக்கைகள் கென்னன் கைக்கு வந்தன. அறிக்கையின் ஓரத்தில் மன்னர் தன் கைப்பட வருத்தம் தெரிவித்திருந்தார். கைதிகள் சொன்னதை அதிகாரிகளின் சொல்லும், அதிகாரிகள் சொன்னதை அரசின் காகிதமும் உறுதிசெய்தன. இந்த மூன்று அடுக்கும் இல்லாமல் அந்த நூல் இத்தனை காலம் நின்றிருக்காது.

காராவில் எரித்த கடிதங்கள்

செமிபலாத்தின்ஸ்க் ஊரில் அவர் முதன்முறையாக அரசியல் கைதிகளோடு உட்கார்ந்து பேசினார். வெறிபிடித்த கூட்டம் ஒன்றை எதிர்பார்த்துப் போனதாக அவரே எழுதியிருக்கிறார். பார்த்ததோ படித்த, பண்பான, அமெரிக்க அரசியலைப் பற்றித் தெளிவாகக் கேள்வி கேட்கும் மனிதர்களை. பலர் நீதிமன்ற வாசலையே மிதிக்காதவர்கள். நிர்வாக ஆணை ஒன்றினாலேயே, விசாரணை இல்லாமல் அனுப்பப்பட்டவர்கள். இந்த 'நிர்வாக நாடுகடத்தல்' எப்படி இயங்கியது என்று பிற்பாடு அவர் விரிவாக விளக்கினார்.

அங்கிருந்து அல்தாய் மலைகள், தோம்ஸ்க், இர்கூத்ஸ்க், பைக்கால் ஏரிக்கு அப்பால் என்று பயணம் நீண்டது. செலெங்கின்ஸ்கில் கத்தரீனா பிரெஷ்கோவ்ஸ்காயாவைச் சந்தித்தார். பிற்காலத்தில் 'ரஷ்யப் புரட்சியின் பாட்டி' என்று உலகம் அழைத்தது இவரைத்தான்.

கடைசியில் காரா. சார் மன்னரின் சொந்தச் சொத்தான தங்கச் சுரங்கங்கள், கடுங்காவல் கைதிகள். சிறைத் தலைவர் மேஜர் பொத்துலோவின் வீட்டில் விருந்தினராகத் தங்கியிருந்த கென்னன், அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில், சிறைக்கு வெளியே குடிசைகளில் தங்க அனுமதிக்கப்பட்டிருந்த அரசியல் கைதிகளைத் தேடிப் போனார். அவர்கள் பல மணி நேரம் பேசினார்கள். ஊரில் இருக்கும் தாய்க்கும் உறவினர்களுக்கும் கொண்டு சேர்க்கச் சொல்லிக் கடிதங்களைக் கொடுத்தார்கள். அப்புறம் சோதனை வரக்கூடும் என்ற எச்சரிக்கை வந்தது. கடிதங்கள் பிடிபட்டால் எழுதியவர்களுக்குத் தண்டனை. கென்னன் அவற்றை எரித்தார். தன் குறிப்புகளைக் காப்பாற்றிக்கொண்டார். முக்கியமான காகிதங்கள் பின்னால் புத்தக அட்டைகளுக்குள் ஒளிந்து எல்லை கடந்தன.

எரித்தது சரியா? ஆண்டுக்கணக்கில் மகள் கையெழுத்தைப் பார்க்காத ஒரு தாய்க்கு அந்தக் கடிதம் என்னவாக இருந்திருக்கும்! ஆனாலும் சரி என்றே சொல்வேன். ஆபத்து கென்னனுக்குக் குறைவு, அதிகம் போனால் நாட்டை விட்டு வெளியேற்றியிருப்பார்கள். அவரிடம் பேசியவர்களோ காராவிலேயே இருக்கப் போகிறவர்கள். பயண எழுத்தில் வழியில் சந்தித்த ஒருவரை எழுதிவிட்டு நகர்ந்தால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இங்கே ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு தேதி போதும். அதனால்தான் உதவிய அதிகாரிகள் பலரின் பெயர்கள் நூலில் இல்லை.

உடலும் மனமும் கொடுத்த விலையையும் மறக்கக் கூடாது. கென்னன் வழியில் நோய்வாய்ப்பட்டார். ஃப்ராஸ்டுக்கு நரம்புத் தளர்ச்சியே வந்துவிட்டது. 1886 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க் திரும்பிய பிறகும் கென்னன் உடனே எழுத உட்காரவில்லை. அந்த ஜூன் மாதம் எழுத்தாளர் தல்ஸ்தோயின் ஊரான யாஸ்னயா பல்யானாவுக்குப் போய், காராவில் கேட்டதையெல்லாம் அவரிடம் சொன்னார். வன்முறையைக் கையில் எடுத்தவர்கள் என்பதால் அந்தக் கைதிகளின் வழியைத் தல்ஸ்தோய் ஏற்கவில்லை. அந்த மறுப்பையும் கென்னன் எழுதி வெளியிட்டார்.

அச்சில் வந்தபோது

கட்டுரைகள் 1887 கடைசியில் தொடங்கி சில ஆண்டுகள் 'செஞ்சுரி'யில் தொடர்ந்தன. 1823 முதல் 1887 வரை சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் 7,72,979 பேர் என்ற கணக்கை அரசுப் பதிவுகளிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். இவர்களில் அரசியல் கைதிகள் மிகச் சிறிய பங்கு என்பதையும் சொன்னார். தன் வாதத்தின் கவர்ச்சியைக் குறைக்கும் உண்மையைத் தானே முன்வைப்பது சாதாரணம் அல்ல. அல்தாய் மலைகளைப் பற்றிய அத்தியாயங்களில் பழைய பயண எழுத்தாளர் முழு அழகோடு திரும்பி வருகிறார். அவற்றை வெட்டச் சொல்லும் பதிப்பாசிரியர்கள் இருப்பார்கள். வெட்டாதது நல்லது. பூக்களையும் பனிச்சிகரங்களையும் இவ்வளவு கவனமாகப் பார்த்தவர் சிறையையும் அப்படித்தான் பார்த்திருப்பார் என்று வாசகன் நம்புவதற்கு அவை உதவுகின்றன.

ரஷ்யாவுக்குள் வந்த இதழ்களில் அவர் கட்டுரைகளைத் தணிக்கையாளர்கள் மை பூசி மறைத்தார்கள். 1889-இல் காராவில் நதேழ்தா சிகீதா என்ற அரசியல் கைதியைக் கசையால் அடித்தார்கள். அவர் இறந்தார், எதிர்ப்பாக வேறு சில கைதிகளும் நஞ்சருந்தி உயிர்விட்டார்கள். செய்தி வெளியே வந்தபோது, காரா எங்கே இருக்கிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்பது கென்னனின் வாசகர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு பிராந்தியத்தைத் தொடர்ந்து எழுதுவதன் பலன் இதுதான். பேரிடி விழும்போது வாசகனுக்கு நிலப்படம் கையில் இருக்கும்.

இதன் பிறகு கென்னன் மேடையேறினார். நூற்றுக்கணக்கான உரைகள். கைதியின் உடையும் கால்விலங்கும் அணிந்து வந்து பேசுவார். கூட்டம் அலைமோதியது. 1891-இல் பாஸ்டனில் ரஷ்ய விடுதலையின் அமெரிக்க நண்பர்கள் சங்கம் உருவானதில் இந்த அலைக்குப் பங்கு உண்டு. எனக்கு இந்தக் கட்டம் அவ்வளவு உவப்பாக இல்லை. அவர் கோபம் நியாயமானது. ஆனால் விலங்கு மாட்டிக்கொண்டு நிற்பவரிடம் யாரும் 'உங்களுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்க மாட்டார்கள். எழுத்திலும் ஒரு சாய்வு இருந்தது. அரசியல் கைதிகள் அமெரிக்க வாசகரைப் போலவே சிந்திப்பவர்களாகத் தெரிந்தார்கள், அவர்களில் சிலர் கையில் எடுத்த வன்முறை மங்கலாகிப்போனது. சாதாரணக் குற்றவாளிகள் எண்ணிக்கையாக வந்த அளவுக்குக் குரலாக வரவில்லை.

அந்தக் குறையை நிரப்பியவர் அன்டன் செக்கோவ். 1890-இல் ரஷ்யா கைதிகளைக் குடியேற்றிய சகாலின் தீவுக்குப் போகும் வழியில் அவரும் ஒரு நாளிதழுக்குப் பயணக் குறிப்புகள் அனுப்பிக்கொண்டிருந்தார். தீவில் இறங்கியதும் வேலையின் தன்மையே மாறியது. மூன்று மாதம் வீடு வீடாகப் போய், பெயர், வயது, மதம், பிறந்த ஊர், எந்த ஆண்டு வந்தார், எழுதப் படிக்கத் தெரியுமா, திருமணமானவரா என்று அச்சிட்ட அட்டைகளில் பதிந்தார். சுமார் பத்தாயிரம் பேர். அரசியல் கைதிகளைச் சந்திக்க அவருக்கு அனுமதி இல்லை. எனவே கென்னன் எங்கே தங்கி நின்றாரோ அங்கே செக்கோவால் போக முடியவில்லை, கென்னன் கடந்துபோன மனிதர்களிடம் செக்கோவ் உட்கார்ந்தார். நூல் 1895-இல் வந்தது.

கொரியா

1901-இல் கென்னன் மறுபடி ரஷ்யாவுக்குப் போனபோது அரசு அவரை வெளியேற்றியது. அதற்குள் அவர் கியூபாவில் 1898-இல் நடந்த ஸ்பெயின்-அமெரிக்கப் போரையும் எழுதியிருந்தார். 1904-இல் ரஷ்ய-ஜப்பானியப் போர் வெடித்தது. 'அவுட்லுக்' இதழுக்காக ஜப்பானியத் தரப்பிலிருந்து செய்தி எழுதப் போனவர், 1905-இல் கொரியாவைப் பற்றியும் எழுதினார்.

அந்தக் கட்டுரைகளைப் படிக்கவே வருத்தமாக இருக்கிறது. கொரியாவை அழுகிப்போன நாடு என்றும், மக்களைச் சோம்பேறிகள், தங்களை ஆளத் தெரியாதவர்கள் என்றும், ஜப்பான் பொறுப்பேற்பதே அவர்களுக்கு நல்லது என்றும் எழுதினார். சைபீரியாவில் ஒரு சிறை அறையின் உயரத்தை அளந்து எழுதியவர், இங்கே ஒரு முழு மக்கள் கூட்டத்தைத் தெருவில் பார்த்த தோற்றத்தை வைத்து எடைபோட்டார். கொரிய மொழி அவருக்குத் தெரியாது. ஜப்பானிய அதிகாரிகளே அவருக்கு வழி, அவர்களே துணை. சார் அரசின் மேல் இருந்த வெறுப்பு, அதன் எதிரியை நம்பவைத்தது என்பதும் காரணமாக இருக்க வேண்டும். அறுபது வயதில், உலகம் அறிந்த செய்தியாளரான பிறகு, அவர் மறுபடியும் கடந்துபோகும் பயணியின் கண்ணோடு எழுதினார். அதுவும், பயண எழுத்துக்குரிய பணிவு இல்லாமல்.

வேறு குரல் கிடைக்காமல் இல்லை. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1886-இல் ஆசிரியராகக் கொரியாவுக்கு வந்தவர், மொழியை நன்கு கற்றவர், சியோலிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மாத இதழே நடத்தியவர். 1905 இலையுதிர்காலத்தில், ஜப்பானின் பிடியிலிருந்து காக்க உதவி கேட்டுப் பேரரசர் கோஜோங் எழுதிய கடிதத்தோடு ஹல்பர்ட் வாஷிங்டனுக்குப் போனார். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அவரைச் சந்திக்கவில்லை. நவம்பர் 17-ஆம் தேதி சியோலில் பாதுகாப்பு ஒப்பந்தம் திணிக்கப்பட்டு, கொரியாவின் வெளியுறவு ஜப்பான் கைக்குப் போனது. 1910-இல் நாடே போனது. கென்னனோடு கடிதத் தொடர்பில் இருந்த ரூஸ்வெல்ட், அவருடைய கொரியக் கட்டுரைகளைப் படித்துப் பாராட்டியிருந்தார்.